பலகையில் எனக்கு ஓர் எழுத்து

எங்கள் கடையின் முழுப் பெயர் நியூ ஜெகுசுமா வாடகைச் சேவை அன் கோ. நெல்லியடிச் சந்தையைத் தாண்டிக் கொஞ்சத் தூரம் வந்தால் இடதுகைப் பக்கம் இருக்கிறது. கதிரை, மேசை, சோறு காய்ச்சுகிற பெரிய கிடாரம், தகரக் கொட்டகை, பந்தியில் கறி போடுகிற கரண்டி வரைக்கும் வாடகைக்குக் கொடுக்கிறோம். கலியாணவீட்டுக்கும் பெண்பிள்ளை பெரிசான சாமத்தியவீட்டுக்கும் செத்தவீட்டுக்கும் போவது ஒரே கதிரைதான். கலியாணம் என்றால் வெள்ளை உறை போட்டு முதுகில் ரிபன் கட்டி அனுப்புவோம். செத்தவீட்டுக்கு உறை கிடையாது. எங்களைப் பொறுத்தவரை இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான்.

பெயரை முதல்முறை கேட்பவர்கள் இது யப்பான் கொம்பனியா என்று கேட்பார்கள். கொழும்பில் இருந்து மகனின் கலியாணத்துக்கு வந்த ஒருவர் கதிரையைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். யப்பான் சாமான் என்றால் பயப்படாமல் இருக்கலாம் என்று சொல்லிவிட்டு அதில் இருந்தார். நான் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. அவர் நல்ல கனமான மனிதர். கதிரை தாங்கியது. எனக்கு அது போதும்.

யப்பானுக்கும் எங்களுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. எங்கள் பக்கத்தில் கடைக்கோ வீட்டுக்கோ பெயர் வைக்கிறபோது, வீட்டில் உள்ளவர்களின் முதல் எழுத்துகளை எடுத்து வரிசையாக அடுக்கிவிடுவார்கள். அதற்கு ஒரு கருத்து வரவேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. வாயில் நுழைந்தால் சரி. எங்கள் வீதியிலேயே ஒரு அரிசி ஆலை, ஒரு பேக்கரி, ஒரு சலூன் மூன்றுக்கும் உலகத்தில் எந்த மொழியிலும் இல்லாத பெயர்கள். பலகையில் எழுத்து உள்ளவர்களில் முக்கால்வாசிப் பேர் வெளிநாட்டில் இருக்கிறார்கள். எழுத்துகள் மட்டும் இங்கே வெயிலிலும் மழையிலும் நிற்கின்றன. சலூன்காரருக்குப் பலகை எழுதிய பிறகு ஒரு பிள்ளை பிறந்தது. அந்தப் பிள்ளைக்கு இப்போது மீசை முளைத்துவிட்டது. தன் எழுத்து ஏன் இல்லை என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

எங்கள் பெயரை வைத்தவர் மாமா, அதாவது என் கணவரின் தகப்பன். ஜெ அவர்தான். கு அவருடைய மூத்த மகன், கனடாவில் இருக்கிறார், நான் அவரை அத்தான் என்று கூப்பிடுவேன். சு என் கணவர். மா அவர்களின் தங்கை, எனக்கு மச்சாள், நோர்வேயில் இருக்கிறாள். மாமா தன்னை முதலில் வைத்துப் பிள்ளைகளைப் பிறந்த ஒழுங்கில் அடுக்கினார். பின்னால் சண்டை வரக்கூடாது என்று யோசித்துச் செய்தது. சண்டை வரவும் இல்லை. நாலு எழுத்தும் நாலு பேர், வேறு ஒருவருக்கும் அதில் இடமில்லை என்பது அந்தப் பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலேயே பாடமாகிவிட்டது.

நியூவுக்கு ஒரு கதை உண்டு. மாமாவின் முதல் கடை தெல்லிப்பழைக்கு வடக்கே, அவர்களுடைய சொந்த ஊரில் இருந்தது. அப்போது பெயரில் நியூ இல்லை. சண்டைக் காலத்தில் ஊரே எழும்பி ஓடியபோது மாமா சைக்கிள் கரியரில் ஒரேயொரு கிடாரத்தைக் கட்டிக்கொண்டு வந்தார். கதிரை முழுவதும் அங்கே நின்றுவிட்டது. பிறகு அந்த இடத்தை ஆமிக்காரர் முள்ளுக்கம்பி போட்டு அடைத்தார்கள். கனகாலம் கழித்துக் காணியை விட்டபோது போய்ப் பார்த்தால், கடை இருந்த இடத்தில் பற்றைதான் இருந்தது. இத்தனை காலமும் அந்தக் கதிரைகளில் யார் இருந்தார்கள் என்று தெரியவில்லை. வாடகை வரவில்லை என்பது மட்டும் தெரியும்.

அகதியாக வந்து வாடகை வீட்டில் இருந்த நேரத்தில்தான் எனக்கும் அவர்களுடைய இளைய மகனுக்கும் கலியாணம் பேசினார்கள். என் ஐயா எனக்கு வீட்டையும் வீதியோரக் காணியையும் சீதனமாக எழுதினார். எங்கள் வழமைப்படி வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை வந்து சேருவார். என் வீட்டுக்கு மாப்பிள்ளை மட்டும் வரவில்லை. மாமா, மாமி, மச்சாள், அந்தக் கிடாரம், எல்லாரும் வந்தார்கள். அந்த வருசமே மாமா என் காணியில் ஒரு கொட்டில் போட்டு, பழைய பெயருக்கு முன்னால் நியூ என்று சேர்த்துப் பலகை எழுதுவித்தார். காணி உறுதி என் பெயரில். பலகை அவர்கள் பெயரில்.

சேவை என்ற சொல்லை மாமா ஆசைப்பட்டுப் போட்டார். வாடகை வாங்கிக்கொண்டு அதைச் சேவை என்று எப்படிச் சொல்லலாம் என்று நான் ஒருநாள் கேட்டேன். செத்தவீட்டுக்குக் கதிரை இறக்கினால் எட்டாம் நாள் எட்டுச்செலவு முடியும்வரை காசு கேட்காமல் இருப்பதுதான் சேவை என்றார். எட்டுச்செலவுக்கு அடுத்த நாள் காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

மிஞ்சியது அன் கோ, ஆங்கிலத்தில் அன்ட் கொம்பனி என்பதன் சுருக்கம். அது பலகையின் கடைசியில், சேவைக்குப் பிறகு நின்றது. ஒரு பழைய மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்து ஓய்வுபெற்ற மாஸ்டர் ஒருவர், மகளின் கலியாணத்துக்குக் கதிரை பேச வந்தவர், வீதியில் நின்று பலகையை இரண்டு தரம் வாசித்தார். பிறகு உள்ளே வந்து, ஆளின் பெயருக்குப் பின்னால் வரவேண்டிய சொல் சேவைக்குப் பின்னால் வந்திருக்கிறது, இது முறையில்லை என்று மாமாவுக்கு அன்பாக விளங்கப்படுத்தினார். மாமா எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டார். கலியாணத்துக்குப் போன கதிரைகளில் கால் ஆடுகிறது ஒன்றுகூட இல்லாமல் தானே பார்த்துத் தெரிவுசெய்து ஏற்றினார். தேவாலய மண்டபத்துக்குத் தானே கொண்டுபோய் இறக்கினார். பலகையை மட்டும் திருத்தவில்லை. பிள்ளைகள் அன் கோவை அப்பாவின் ஆங்கிலம் என்று நினைத்துக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கலியாணமாகிக் கொஞ்சக் காலத்தில் பலகையின் பெயின்ற் உரிந்தது. என் கணவர் ஏணியில் ஏறி எழுத்துகளுக்கு மேலே எழுதிக்கொண்டிருந்தார். நான் கீழே நின்று பெயின்ற் வாளியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கை உளைந்தது. நிமிர்ந்து பார்த்தால் ஜெ, கு, சு, மா.

“இஞ்சருங்கோ, எனக்கும் ஒரு எழுத்துப் போடுங்கோவன்” என்றேன்.

அவர் தூரிகையை வாயில் கவ்விக்கொண்டு கீழே பார்த்தார். பிறகு அதை எடுத்துவிட்டு, “இப்ப அளந்து கீறி முடிஞ்சுதே. பலகை மாத்தேக்கை போடுவம்” என்றார். அவர் ஒன்றைச் செய்ய மாட்டேன் என்று சொன்ன மனிதர் இல்லை. பிறகு செய்வோம் என்பார். அதை நம்பலாம், பிறகு உண்மையாகவே செய்வார். என் எழுத்து தே. ஜெகுசுதேமா. அவருக்குப் பக்கத்தில், மச்சாளுக்கு முன்னால். இடத்தையும் அன்றைக்கே நான் தீர்மானித்துவிட்டேன்.

இதெல்லாம் மாமியின் காதில் விழுந்திருந்தது. அவ கடை வாசலில் இருந்து, திரும்பி வந்த கிடாரங்களை மணந்து பார்த்துக்கொண்டிருந்தா. எங்கள் பாத்திரம் நன்றாகக் கழுவப்பட்டதா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, மூக்கால்தான் முடியும் என்பது அவவின் கொள்கை. கிடாரத்துக்குள் இருந்து முகத்தை வெளியே எடுத்து, “பிறத்தியாருக்கு எழுத்துப் போடுற வழக்கமில்லை” என்றா. சொல்லிவிட்டு அடுத்த கிடாரத்துக்குள் முகத்தை விட்டா.

என் காணியில், என் வீட்டு முற்றத்தில், நான் பிறத்தி. எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமில்லை. அன்றைக்குக் குழம்புக்கு உப்புப் போடாமல் இறக்கினேன். நாலு பேரும் ஒரு சொல் சொல்லாமல் சாப்பிட்டு எழும்பினார்கள். மாமா இன்னும் கொஞ்சம் விடச் சொல்லி வாங்கிச் சாப்பிட்டார். அதில் என் ஆத்திரம் இன்னும் கூடியது.

பின்னேரம் மாமி குசினிக்குள் வந்தா. நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவ சுவரோடு சாய்ந்து நின்று, யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னா.

“நானும் பிறத்திதான். முதல்முதல் ஊரிலை பலகை எழுதேக்கை நானும் கேட்டனான். எல்லாருக்கும் எழுத்திருக்கு, எனக்கெங்கை எண்டு. உன்ரை மாமா கொஞ்சநேரம் தலையைச் சொறிஞ்சார். பேந்து, கடைசியிலை ரெண்டு சொல்லுச் சேர்ப்பம், அன் கோ எண்டு, நீதான் அந்தக் கோ எண்டார்.”

“கோ எண்டால் என்ன மாமி?”

“நான் கேக்கேல்லை. கிடைச்சதைக் கிண்டிப் பாத்தால் அதுவும் போயிடும். நீயும் உப்பிடி ஏதாவது பாத்து எடு.” வாசலுக்குப் போய்த் திரும்பி நின்றா. “பிள்ளையளுக்குச் சொல்லிப்போடாதை. சிரிப்பினம்.”

நான் சிரிக்கவில்லை. அவவில் எனக்கிருந்த கோபமும் போகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எனக்குச் சில விசயங்கள் கண்ணில் பட்டன. பொங்கலுக்கு முன்னால் பலகையைத் துடைக்க ஏறுகிறவனிடம் மாமி, கடைசிப் பக்கத்தை வடிவாய்த் துடை என்று கீழே நின்று சொல்லுவா. மழைக்காலத்தில் பலகையின் அந்த மூலையில் ஒரு மாங்கொப்பு உரசியது. ஆளைப் பிடித்து வெட்டுவித்தா. நல்ல காய்க்கிற கொப்பு. மாமா ஏன் என்று கேட்டதற்கு, பூச்சி விழுகுது என்றா. அந்த வீட்டில் அன் கோவுக்கு ஆள் இருந்தது என்பது மூன்று பேருக்குத்தான் தெரியும். அதில் மாமாவுக்கு மறந்தும் போயிருந்தது என்று நினைக்கிறேன்.

மாமா வயது போய்க் காலமானார். அதற்குச் சில வருசம் கழித்து என் கணவரும் போனார். ஒரு சாமத்தியவீட்டுக்கு லாண்ட்மாஸ்டர் உழவு மெசினில் கதிரை ஏற்றிக்கொண்டிருந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஏற்றாமல் மிஞ்சிய கதிரை ஒன்றில் இருந்தார். தண்ணி எடுத்துக்கொண்டு வருவதற்குள் முடிந்துவிட்டது. அவருடைய செத்தவீட்டுக்கு எங்கள் கதிரைதான். எங்கும் ஏற்றிப் போக வேண்டியிருக்கவில்லை, முற்றத்திலேயே விரித்தோம். யார் எங்கே கதிரை போட வேண்டும் என்று நான்தான் சொல்லிக்கொண்டு நின்றேன். அழவில்லை என்று சனம் கதைத்தது. கொட்டகைக்குத் தகரம் போதாமல் போய்விட்டது. அந்த நேரம் அழுவதற்கு எனக்கு இடம் கிடைக்கவில்லை. பிறகு, கணக்கில்லாமல் அழுதேன்.

அன்றிலிருந்து கடையை நான்தான் நடத்துகிறேன். கலியாணம் பேச வருகிற சிலர் ஆரம்பத்தில் என்னைக் கண்டுவிட்டு, வீட்டில் ஆம்பிளைகள் இல்லையா என்று கேட்டார்கள். தாலியறுத்தவள் கையால் மணவறைச் சாமான் எடுத்துக் கொடுக்கலாமா என்ற கவலை. அப்படியானவர்களுக்கு நான் விலையைக் கூட்டிச் சொல்வேன். அவர்களும் வாசலில் கிடாரம் மணக்கிறதா என்று பார்த்துவிட்டு, மணக்காதபடியால் கொண்டுபோவார்கள். இப்போது யாரும் கேட்பதில்லை.

போன வருசம் வீதியை அகலமாக்கினார்கள். பலகையின் தூண்கள் வீதிக்குள் வந்துவிட்டன. கழற்றி உள்ளே எடுக்க வேண்டும், எங்கள் கேற்றுக்கும் மதிலுக்கும் இடையில் உள்ள அகலத்துக்குள்தான் புதுப்பலகை நிற்க வேண்டும் என்றார்கள். பழைய பலகையை இறக்கியபோது தகரம் துருப்பிடித்து உதிர்ந்தது. திரும்ப ஏற்ற முடியாது. அதைப் பார்த்துக்கொண்டு நின்ற எனக்குக் கவலை வரவேண்டும். வரவில்லை. பலகை மாற்றுகிற முறை வந்துவிட்டது.

குடும்பத்துக்கு ஒரு வட்ஸப் குழு இருக்கிறது. என் எழுத்தைச் சேர்க்கலாமா என்று அதில் கேட்டு எழுதினேன். எழுதுவதற்கு முன்னால் என்னென்ன சொல்வார்கள், அதற்கு நான் என்னென்ன சொல்ல வேண்டும் என்று எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தேன். காணி உறுதியைப் படமெடுத்துக்கூட வைத்திருந்தேன். அத்தானிடம் இருந்து ஒரு பெருவிரல் வந்தது. பின்னால், “போடு பிள்ளை, நீதானே நடத்துறாய்” என்று ஒரு வரி. மச்சாளும் ஒரு பெருவிரல். இத்தனை வருசமாக நான் மனதுக்குள் நடத்திய வழக்கு இரண்டு பெருவிரலில் முடிந்தது. கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது.

பலகை செய்கிறவருக்கு நல்லூரில் கடை. கொம்பியூட்டரில் கீறிப் பிளாஸ்ரிக்கில் அடித்துத் தருவார். நல்ல பொறுமையான மனிதர். என்னை அன்ரி என்று கூப்பிடுவார். திரையில் எங்கள் பெயரை என் எழுத்தோடு சேர்த்துப் போட்டுக் காட்டினார். நியூ ஜெகுசுதேமா வாடகைச் சேவை அன் கோ. நான் கதிரையை முன்னுக்கு இழுத்துக்கொண்டு பார்த்தேன்.

“வடிவாய்த்தான் இருக்கு அன்ரி. ஆனால் உங்கடை அகலத்துக்குக் கொள்ளேல்லை. சின்னனாக்கினால் பஸ்ஸிலை போற சனத்துக்கு வாசிக்கேலாது.”

“ரெண்டு வரியாய்ப் போடுங்கோவன்.”

“ரெண்டாவது வரியிலை போன் நம்பர். அங்காலை கதிரைப் படம், இஞ்சாலை முருகன். முருகனைக் கொஞ்சம் சின்னனாக்கிப் பாப்பமோ?”

“முருகனிலை கை வைக்க வேண்டாம்.”

“அப்ப மேல் வரியிலை ஏதாவது ஒண்டை எடுங்கோ. உங்கடை எழுத்தில்லாட்டில் மிச்சமெல்லாம் மட்டுமட்டாய்க் கொள்ளும்.”

அதையும் குழுவில் போட்டேன். மச்சாள் உடனே, நியூவை எடுக்கலாமே, இனி என்ன நியூ என்றாள். அத்தானுக்குக் கோபம் வந்துவிட்டது. அப்பா ஒன்றுமில்லாமல் வந்து போட்ட நியூ, அதை எடுத்தால் பட்ட பாடெல்லாம் இல்லை என்றாகிவிடும் என்று நீளமாகக் குரலில் பேசி அனுப்பினார். கடைசியில் குரல் தளதளத்தது. அந்தக் கிடாரத்தை அவரும் பின்னால் தள்ளிக்கொண்டு வந்தவர். அதில் எனக்கு அவரோடு சண்டை இல்லை.

பிறகு மச்சாள் இன்னொரு யோசனை எழுதினாள். சின்னண்ணை இப்போது இல்லைத்தானே, கலியாணத்துக்குப் போகிற கடையில் இல்லாத ஆளின் எழுத்து நல்லதா என்று சிலர் பார்ப்பார்கள், அவரும் நீங்களும் ஒன்றுதானே, சுவுக்குப் பதிலாகத் தே வரட்டும். அவள் கெட்டவள் இல்லை. அங்கே குளிரில் இருந்துகொண்டு யோசிக்கிறாள், அவ்வளவுதான். நான் பதில் எழுதினேன்: சுவில் ஆராவது கை வைத்தால் கடையைப் பூட்டித் திறப்பைக் கிணற்றுக்குள் போடுவேன். அவள் தன் செய்தியை அழித்துவிட்டாள். செய்தி அழிக்கப்பட்டது என்ற வரி இன்னும் குழுவில் நிற்கிறது.

பிறகு அத்தான் கண்டுபிடித்தார். “அன் கோவை எடுப்பம். அதுக்கு ஒரு கருத்துமில்லை. அப்பா இங்கிலீசுக்குப் போட்டது.” மச்சாள் ஒரு பூங்கொத்துப் படம் அனுப்பினாள். அத்தானின் மகன், என் பெறாமகன், சிரிக்கிற முகம் ஒன்று அனுப்பினான். எல்லாருக்கும் நிம்மதியாக இருந்தது. இடம் சரியாக வரும் என்று பலகைக்காரரும் சொன்னார். இனி நான் ஓம் என்று ஒரு சொல் சொல்ல வேண்டியதுதான்.

சொல்லாமல் வீட்டுக்கு வந்தேன்.

மாமி வழக்கம்போலக் கடை வாசலில் இருந்தா. முன்பு எல்லாக் கிடாரத்தையும் மணந்து பார்ப்பா. இப்போது முழங்கால் ஏலாது, நாங்கள் தூக்கிக்கொண்டு வந்து மடியருகில் வைக்க வேண்டும். நான் உள்ளே கதிரைகளுக்கு நடுவில் நின்று யோசித்தேன். என்னைப் பிறத்தி என்று சொன்ன மனிசி. காய்ச்சலில் நான் படுத்திருந்தபோது பத்தியக் கறியில் குறை சொன்ன மனிசி. அவவுக்குக் கிடைத்தது மாமா தலையைச் சொறிந்துகொண்டு கொடுத்த இரண்டு சொல். நான் கேட்பது என் காணியில் என் எழுத்து. நான் எடுக்கச் சொல்லவில்லை. அவவின் பிள்ளைகள்தான் சொல்கிறார்கள். இந்த நியாயங்களில் ஒன்றிலும் ஓட்டை இல்லை. எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டு வெளியே போனேன்.

“மாமி, புதுப் பலகையிலை பேர் கொள்ளாதாம்.”

“பழசிலை கொண்டதுதானே?”

“இப்ப என்ரை எழுத்தும் வருகுது.”

அவ என்னை நிமிர்ந்து பார்த்தா. “ஆர் சொன்னது?”

“அத்தான் ஓமெண்டிட்டார்.”

“நல்லது” என்றா. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. “அப்ப எதை எடுக்கினமாம்?”

“அன் கோவை.”

மாமி பக்கத்தில் இருந்த கிடாரத்தைச் சரித்து மணந்து பார்த்தா. “உதிலை நெய் மணம் இன்னும் போகேல்லை. திரும்பக் கழுவச் சொல்லு” என்றா. நான் நகரவில்லை. கிடாரத்தின் விளிம்பைக் கொஞ்சநேரம் தடவிக்கொண்டிருந்தா.

“அது நானெண்டு அவைக்குத் தெரியுமோ?”

“தெரியாது மாமி. நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. சொன்னால் எடுக்க மாட்டினம். இப்பவே கோல் எடுத்துச் சொல்லுறன்.”

“வேண்டாம்.”

“ஏன் மாமி?”

“சொல்லி, அதுக்குப் பிறகும் எடுக்கச் சொன்னால் நான் என்ன செய்யிறது?”

நெய் மணந்த கிடாரத்தைக் கழுவுகிற பக்கம் தள்ளி வைத்தேன்.

“தெரியாமல் எடுத்தால் பறவாயில்லை, பிள்ளை. நீ உன்ரையைப் போடு. கனகாலமாய்க் கேக்கிறாய்” என்றா.

அவ சண்டை பிடித்திருந்தால் எனக்கு எவ்வளவோ லேசாக இருந்திருக்கும். நான் சண்டைக்குத்தான் தயாராகப் போனேன். உள்ளே வந்து பலகைக்காரருக்குக் கோல் எடுத்தேன். பழைய பெயரை அப்படியே, ஒன்றும் குறையாமல் போடச் சொன்னேன்.

“அப்ப உங்கடை எழுத்து, அன்ரி?”

“கொள்ளாதெண்டு சொன்னனீங்கள்தானே.”

போனை வைத்துவிட்டு, அடுக்கின கதிரைகளுக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். நல்ல காரியம் செய்துவிட்டேன் என்று வந்த அழுகை இல்லை. எனக்கு அந்த எழுத்து வேண்டும் என்று வந்த அழுகை. இப்போதும் வேண்டும். என் கணவர் இருந்திருந்தால் முருகனைச் சின்னனாக்கியாவது போட்டிருப்பார்.

பலகை வந்து ஏறியது. பஸ்ஸில் போகிறவர்களுக்கு நன்றாகத் தெரிகிறது. மாமியைக் கேற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். அவ இடப்பக்கம் இருந்து தொடங்கி மெதுவாகப் பார்த்துக்கொண்டு வந்தா. கடைசிக்கு வந்ததும் நின்றா. உன் எழுத்து எங்கே என்று கேட்கவில்லை. வெயில் கூட என்று சொல்லி, என் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தா. வழக்கமாக ஊன்றுகிற பொல்லைத்தான் பிடிப்பா.

படத்தைக் குழுவில் போட்டேன். அன் கோ ஏன் நிற்கிறது என்று அத்தான் கேட்டார். “அதுக்கு ஆள் இருக்கு” என்று எழுதினேன். அது பிழையாகப் போய்விட்டது. நான் அவர்களுக்குத் தெரியாமல் கடைக்குப் பங்காளி சேர்த்துவிட்டேன் என்று அத்தான் விளங்கிக்கொண்டார். எனக்கு ஒன்றும் எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போலத் தாயோடு கதைக்க வீடியோவில் வந்தார்.

மாமிக்குக் காது கொஞ்சம் மந்தம். போன் முழுச் சத்தத்தில் இருந்தது. நான் குசினி வாசலில் அரிசி கழுவின கையோடு நின்றேன். ஒரு சொல் தப்பாமல் கேட்டது.

“அம்மா, அந்த அன் கோ ஆர்? ஆளிருக்காம் எண்டு எழுதியிருக்கிறா. உங்களுக்குத் தெரிஞ்ச ஆளோ?”

மகன் நேராகக் கேட்கிறார். இனி யாரும் எடுக்க முடியாதபடி பலகை மேலே ஏறிவிட்டது. நான்தான் மோனை என்று ஒரு சொல் சொன்னால் முடிந்தது. சொல்லுங்கோ மாமி என்று நான் வாசலில் நின்று தலையை ஆட்டினேன். அவ என்னைப் பார்த்தா. பிறகு போனை முகத்துக்குக் கிட்டப் பிடித்தா.

“எனக்கென்ன தெரியும், தம்பி. கடை அவளின்ரை. அவளைத்தான் கேக்கவேணும்.”